சராசரியும் மனச்சான்றும்

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்த்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். ஒருபுறம் பாத்திகளுக்கு நடுவே வெண்மேடுகளாக உப்பு. மறுபுறம் புதுச்சேரியையும் ஆரோவிலையும் கண்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் கார்களின் நீண்ட வரிசை. வேலை முடிந்து வீடு திரும்பும் உப்பளத்துப் பெண்கள் சாலையைக் கடக்க வெகுநேரம் காத்து நிற்கிறார்கள். கார்களுக்குள் இருப்பவர்கள் உப்பு மேட்டைப் படம் எடுக்கிறார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு சாராரின் பயணம் மறுசாராரின் வாழ்வைத் தொடுகிறது என்னும் எண்ணம் எவர் மனத்திலும் எழுவதாகத் தெரியவில்லை. என் மனத்திலும் நெடுங்காலம் எழுந்ததில்லை.

அதை எழுப்பியது எங்கள் பங்கின் மாதாந்தரக் கலந்துரையாடல். நாளிதழில் வந்த செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் அறநெறிப் பக்கத்தை ஆராய்வது அக்கூட்டத்தின் வழக்கம். 2025 அக்டோபரில், கார்களுக்கான எரிபொருள் சிக்கன விதியைக் கடுமையாக்கும் அரசின் திட்டம் பேச்சுக்கு வந்தது. சிறிய கார்களுக்குச் சலுகை தரலாமா என்பதே அன்றைய வாதம். கார்த் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் ஒரு பக்கம் பேசினார். சிறிய கார் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துவரும் ஆசிரியர் ஒருவர் மறுபக்கம் பேசினார். ஒரு மணி நேரம் கடந்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த உப்பளத் தொழிலாளி ஒருவர், வயதான தாய், மெல்ல எழுந்து கேட்டார்: "சாமி, பெரிய காருக்கு ஒரு கணக்கு, சின்ன காருக்கு ஒரு கணக்குன்னு சொல்றாங்களே. காரே இல்லாதவங்களுக்கு அதுல எந்தக் கணக்கு?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு மறுமொழி தெரியவில்லை. குருத்துவக் கல்லூரியில் பயின்ற ஒழுக்க இறையியல் நூல்களை எல்லாம் மனத்தில் புரட்டிப் பார்த்தும் உடனே ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தாய்க்குத் தரவேண்டிய மறுமொழியைத் தேடியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது?

வாசக அன்பர்கள் பலருக்கு இவ்விதியைப் பற்றி முழுமையாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் நடுவணரசின் எரிசக்தித் திறன் செயலகம் இயங்குகிறது. குளிர்பதனப் பெட்டியின்மேல் நட்சத்திரங்களை ஒட்டச் செய்யும் அதே அமைப்புத்தான். கார் நிறுவனம் ஒவ்வொன்றும் ஓராண்டில் விற்கும் கார்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, அவை சராசரியாக இவ்வளவு எரிபொருளுக்குமேல் குடிக்கக்கூடாது என்று ஒரு வரம்பை இச்செயலகம் வகுக்கிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதைக் 'கஃபே' விதி என்கிறார்கள்.

2017 ஏப்ரலில் முதற்கட்டம் நடைமுறைக்கு வந்தது. நூறு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 5.5 லிட்டர் பெட்ரோல் என்பது அன்றைய வரம்பு. புகைக்குழாய் வழியே வெளியேறும் கரியமில வாயுவின் கணக்கில் கிலோமீட்டருக்கு 130 கிராம். 2022 ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டம் அதை ஏறத்தாழ 4.8 லிட்டராகவும் 113 கிராமாகவும் குறைத்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், வரம்பை மீறும் நிறுவனத்துக்கு விற்ற ஒவ்வொரு காருக்கும் அபராதம் விதித்தது: மீறல் நூறு கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் வரை என்றால் 25,000 ரூபாய். அதற்கு மேல் என்றால் 50,000 ரூபாய். 2027 ஏப்ரல் முதல் 2032 மார்ச் வரைக்கான மூன்றாம் கட்டத்தின் வரைவு 2025 செப்டம்பரில் வெளியானது.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே. ஆனால் அது எரியும்போது காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்வதால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயுவாகிறது. நாம் வண்டியில் ஊற்றியதைவிட மூன்று மடங்கு எடையை ஆகாயத்தில் விட்டுச் செல்கிறோம். அது கண்ணுக்குத் தெரிவதில்லை, மணப்பதுமில்லை. ஆகையால் நம் உள்ளத்தை உறுத்துவதுமில்லை. நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எரிபொருள் சிக்கனம் காரோட்டியின் பணப்பையை மட்டும் பொறுத்ததன்று என்பது விளங்கும்.

இரு தரப்பின் நியாயங்கள்

அந்த வரைவில் இருந்த ஒரு சலுகையே வாதத்தைக் கிளப்பியது. 909 கிலோ எடைக்கும், 1200 சி.சி. எஞ்சினுக்கும், நான்கு மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு மூன்று கிராம் அளவுக்குக் கூடுதல் தளர்வு தரலாம் என்றது அது. சிறிய கார்களை மிகுதியாக விற்கும் மாருதி சுசுகி இதை ஆதரித்தது. டாட்டா, மகிந்திரா போன்ற நிறுவனங்கள் எதிர்த்தன.

ஆதரித்தவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபோதுதான் நடுத்தரக் குடும்பங்கள் பல முதன்முறையாகக் காரைப் பற்றிக் கனவு கண்டன. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என்று நால்வர் ஒரே ஸ்கூட்டரில் மழையில் நனைந்து செல்வதைக் கண்டதே ஒரு லட்ச ரூபாய்க் கார் என்னும் எண்ணத்துக்கு வித்திட்டது என்று ரத்தன் டாட்டா கூறியதும், 2009இல் நானோ கார் வெளிவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஆசிரியரின் வாதமும் இதுதான். "ஃபாதர், நான் என் பிள்ளைகளை லாரிகளுக்கு நடுவே வண்டியில் வைத்துக்கொண்டு போகிறேன். எனக்கு வேண்டியது ஆடம்பரம் அன்று, ஒரு கூரை" என்றார் அவர். பெற்றோரின் இந்த ஏக்கத்தை ஏளனம் செய்ய எந்த அறநெறிக்கும் உரிமை இல்லை.

எதிர்த்தவர்களின் வாதத்திலும் உண்மை உண்டு. எடை இவ்வளவுக்கு உட்பட்டால் சலுகை என்று கோடு கிழித்தால், அக்கோட்டுக்குள் அடங்குவதற்காகக் காரின் பாதுகாப்பையே மெலிய வைக்கும் சோதனைக்கு நிறுவனங்கள் ஆளாகலாம் என்றார்கள் அவர்கள். ஒரு குறிப்பிட்ட எல்லைக்கோடு ஒரு நிறுவனத்துக்கே பெரும்பயன் தரும் என்றும் சொன்னார்கள்.

ஆனால் இவ்விரு தரப்பும் தொடாத ஒரு முடிச்சு விதியின் அடித்தளத்திலேயே இருக்கிறது. நான் மேலே சொன்ன வரம்பு எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எடைக்கேற்ப அது ஏறி இறங்குகிறது. இரண்டாம் கட்டக் கணக்கின்படி, எடையில் ஒவ்வொரு நூறு கிலோ கூடும்போதும் நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 லிட்டர் கூடுதலாக எரிக்க அனுமதி கிடைக்கிறது. கற்பனையாக இரு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் கார்கள் சராசரியாக 800 கிலோ; அதன் வரம்பு ஏறத்தாழ 4.1 லிட்டர். மற்றொன்றின் கார்கள் சராசரியாக 1700 கிலோ. அதன் வரம்பு ஏறத்தாழ 5.9 லிட்டர். முதல் நிறுவனத்தின் கார்கள் 4.2 லிட்டர் குடித்தால் அது குற்றவாளி, அபராதம் கட்டவேண்டும். இரண்டாவதன் கார்கள் 5.8 லிட்டர் குடித்தால் அது சட்டத்தை மதித்து நடந்த நிறுவனம். குறைவாக எரித்தவர் தண்டிக்கப்படுகிறார். மிகுதியாக எரித்தவர் பாராட்டப்படுகிறார்.

இதற்கும் காரணம் சொல்ல முடியும். ஒரே வரம்பை எல்லாருக்கும் வைத்தால், சிறிய கார் செய்பவர் எந்த முன்னேற்றமும் செய்யாமலே தேர்ச்சி பெற்றுவிடுவார்; பெரிய குடும்பங்களுக்கான வண்டி செய்பவர் என்ன முயன்றாலும் தேறமாட்டார். எடைக்கேற்ற வரம்பு ஒவ்வொருவரையும் அவரவர் நிலையிலிருந்து ஒரு படி மேலேறச் செய்கிறது. ஐந்து தாலந்து பெற்றவரிடம் ஐந்தைக் கேட்பதும் இரண்டு பெற்றவரிடம் இரண்டைக் கேட்பதும் நமக்குப் புதியவை அல்ல. ஆயினும், எடை என்பது மேலிருந்து அருளப்பட்ட தாலந்து அன்று. விற்பவரும் வாங்குபவரும் விரும்பித் தேர்ந்துகொள்வது. தேர்ந்துகொண்ட பாரத்துக்குச் சலுகை கேட்பது எவ்வகை நியாயம்?

இவ்வகைச் சலுகை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறு சான்று. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது தவித்த அந்நாடு, 1975இல் இத்தகைய விதியை முதன்முதலில் சட்டமாக்கியது. சாதாரணக் கார்களுக்கு ஒரு வரம்பும், பண்ணைக்கும் தொழிலுக்கும் பயன்படும் சிற்றுந்து லாரிகளுக்குச் சற்றுத் தளர்ந்த வரம்பும் அமைந்தன. உழவருக்கு இரங்கி வைத்த தளர்வு அது. பின்னாளில், குடும்பங்களுக்கான பெரிய உயரக் கார்கள் பலவும் அந்த லாரி வகையிலேயே சேர்க்கப்பட்டுப் பெருகின. இரக்கத்துக்காகத் திறந்த கதவின் வழியே வசதி உள்ளே நுழைந்தது. 2025 ஜூலையில் அந்நாட்டுப் பாராளுமன்றம் விதியை மீறுவதற்கான அபராதத்தைச் சுழியமாக்கிவிட்டது. தண்டனை இல்லாத விதி அறிவுரையாகச் சுருங்குகிறது.

நம் நாட்டிலும் 2023-24இல் விற்ற பயணியர் வாகனங்களில் பாதிக்கு மேல் உயரமும் எடையும் மிகுந்த வகையைச் சேர்ந்தவையே. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும் பெரியவற்றுக்கு 40 விழுக்காடும் என்று சரக்கு, சேவை வரி மாற்றப்பட்டது. ஒரு கையால் சிறியதை வாங்கச் சொல்லும் அரசு, மறுகையால் எடைக்கு ஏற்ப வரம்பைத் தளர்த்துகிறது.

சட்டத்தின் கணக்கும் உள்ளத்தின் கணக்கும்

சட்டம் சராசரியைப் பார்ப்பதைக் குறைகூற நான் முன்வரவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் அக்குவினா தோமையார், மனிதர் இயற்றும் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடைசெய்ய இயலாது என்று கற்பித்தார். சட்டம் நிறைவுற்றவர்களுக்காக மட்டும் இயற்றப்படுவதன்று. பெரும்பாலோர் தாங்கக்கூடிய அளவிலேயே அது கட்டளையிட வேண்டும். எனினும் பிறருக்குக் கேடு விளைவித்துச் சமுதாய வாழ்வையே குலைக்கும் செயல்களை அது தடுத்தே ஆகவேண்டும். இதுவே அவரது கருத்தின் சாரம். எந்தக் காரை எவர் வாங்கலாம் என்று ஒவ்வொருவரின் வீட்டுவாசலிலும் நின்று கட்டளையிடும் அரசு கொடுங்கோலாகிவிடும். ஆகவே, "மொத்தத்தில் இவ்வளவு, அதற்குள் எப்படிச் செய்வது என்பது உங்கள் பொறுப்பு" என்று நிறுவனங்களிடம் சொல்வது விவேகமான வழியே.

தீங்கு வேறோர் இடத்தில் தொடங்குகிறது. சட்டத்துக்குப் பொருத்தமான சராசரியை நாம் நம் மனச்சான்றுக்கும் கடன் வாங்கிக்கொள்கிறோம். முப்பது ஆண்டுக் குருத்துவப் பணியில் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வந்த எவரும், "என் தங்கை பொறுமைசாலி, நான் கோபக்காரன், எங்கள் வீட்டுச் சராசரி ஒருவாறு சரியாகவே இருக்கிறது" என்று சொல்லிக் கேட்டதில்லை. மனச்சான்றின் முன் ஒவ்வொருவரும் தனித்தே நிற்கிறோம். ஆனால் வாகனம் வாங்கும்போது மட்டும், "சட்டத்துக்கு உட்பட்டுத்தானே விற்கிறார்கள்" என்று அமைதி அடைகிறோம். சிறிய காரை வாங்கிய யாரோ ஒருவரின் சிக்கனத்தில்தான் நம் பெரிய கார் சட்டத்துக்குள் அடங்கியது என்பதை நாம் நினைப்பதில்லை.

இவ்விதியில் இன்னொரு கணக்கும் உண்டு. மின்சாரக் கார் ஒன்றை விற்றால், சராசரி எடுக்கும்போது அதை மூன்று கார்களாக எண்ணிக்கொள்ள இரண்டாம் கட்டம் இடம் தருகிறது. புதிய தொழில்நுட்பத்தை வளர்ப்பதற்கான ஊக்கம் அது, நோக்கம் நல்லது. ஆனால் அப்படி எண்ணிக் கிடைத்த இடத்தில் ஒரு கனத்த காரின் புகை நுழைந்துகொள்ள முடியும். மேலும் மின்காரின் புகை, கணக்கில் சுழியம். எங்கள் கடலூர்ப் பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாவதைக் கண்டவர்களுக்கு, புகை முற்றும் மறையவில்லை, சாலையிலிருந்து புகைபோக்கிக்கு இடம் மாறிய பகுதியும் உண்டு என்பது தெரியும். காற்றாலையும் கதிரொளியும் பெருகப் பெருக அப்பகுதி குறையும், அந்நாள் வரட்டும். அதுவரை தாளில் ஒன்றை மூன்றாக எழுதலாம். ஆகாயம் ஒன்றை ஒன்றாகவே எண்ணுகிறது.

சிக்கனமே நம்மை ஏமாற்றும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். 1865இல் ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜெவன்ஸ், நிலக்கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எந்திரங்கள் வந்ததால் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்று சுட்டிக்காட்டினார். குறைந்த செலவில் ஓடும் கார் நம்மைக் கூடுதல் தொலைவுக்கு அழைக்கிறது. விதி ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்கிறது; எத்தனை கிலோமீட்டர், எதற்காக, எத்தனை பேர் என்று கேட்பதில்லை. கேட்கவும் முடியாது. அக்கேள்விகள் நமக்கென்று விடப்பட்டவை.

காரே இல்லாதவர்களின் கணக்கு

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் நூறு குடும்பங்களில் ஏறத்தாழ எட்டுக் குடும்பங்களிடமே கார் இருந்தது. ஏறத்தாழ பாதிக் குடும்பங்களிடம் இருசக்கர வாகனம் இருந்தது. சிறிய காரா பெரிய காரா என்று நாம் நடத்திய வாதம் அந்த எட்டுக் குடும்பங்களுக்குள்ளும், அவற்றோடு சேரக் காத்திருக்கும் சிலருக்குள்ளும் நடந்த வாதம். எஞ்சிய தொண்ணூற்றிரண்டு குடும்பங்கள் அந்த அறையில் இருந்தன. ஆனால் பேச்சில் இல்லை.

அவர்கள் பங்கு என்ன? மரக்காணத்தில் மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்திகளைச் சீர்செய்து உப்பு வேலையைத் தொடங்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, உப்பு மெல்லப் படிகிறது. அதை வாரி மேடாக்கும் வரை வானத்தை நோக்கியே அவர்களின் நாட்கள் கழிகின்றன. பருவம் தப்பிய ஒரு மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் ஏரிபோல் நீருள் கிடந்தன. ஒரு புயலை ஒரு காரின்மேல் சுமத்துவது அறிவியல் ஆகாது; அறமும் ஆகாது. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுகிறது என்பதும், அதனால் பெருமழை இன்னும் பெரிதாகக் கூடும் என்பதும் இயற்பியல் சொல்லும் உண்மை. அந்த வெப்பத்தில் நம் கார்களுக்கும் பங்கு உண்டு. உப்பளத்துப் பெண்ணுக்கு அதில் பங்கு மிகக் குறைவு, விளைவிலோ பெரும்பங்கு.

தட்பவெப்பநிலை அனைவருக்கும் உரிய பொதுச்சொத்து என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் கற்பித்தார். பொதுச்சொத்தை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று பகிர்ந்தளிக்கும் சட்டம், எடுத்துக்கொள்கிறவர்களுக்கிடையே மட்டும் நியாயம் பார்த்தால் போதாது. எடுத்துக்கொள்ளாமல் இருப்பவர்களை நோக்கியும் அது நியாயமாக இருக்கவேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டர் டீசலுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் ஐம்பது பேர் சென்றால், நூறு கிலோமீட்டருக்கு ஓர் ஆளுக்கு 0.4 லிட்டர் ஆகிறது. இரண்டாம் கட்ட விதியை முழுமையாகக் கடைப்பிடிக்கும் காரில் ஒருவர் தனியே சென்றால் அவருக்கு 4.8 லிட்டர். அதாவது, காரே இல்லாதவர்கள், எந்தச் சட்டமும் கேட்காமலே, நமக்கு இடப்பட்டதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கடுமையான விதியை நாள்தோறும் கடைப்பிடித்து வருகிறார்கள். "உங்களுக்கு அதில் கணக்கே இல்லை, அம்மா, நாங்கள் இன்னும் எட்டாத கணக்கு உங்களுடையது" என்பதே நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி. ஆனால் அவர்களுடைய சிக்கனம் விரும்பி ஏற்ற துறவு அன்று, வறுமை விதித்தது. அதைப் புகழ்ந்துவிட்டு நாம் காரில் ஏறிக்கொண்டால் அது பரிசேயரின் புகழ்ச்சியாகும்.

ஆகவே இவ்வாதத்தில் என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எரிபொருள் விதி கடுமையாக்கப்பட வேண்டும். இன்று விற்கும் கார் பதினைந்து ஆண்டுகளேனும் ஓடும். 2027இல் நாம் காட்டும் தாட்சணியத்தின் புகையை 2042இல் வேறொருவர் சுவாசிப்பார். எடைக்காகத் தரும் தளர்வு படிப்படியாகக் குறையவேண்டும். அது குறைந்தால் சிறிய காருக்கென்று தனிச்சலுகையும், அதற்காக ஓர் எல்லைக்கோடும் தேவைப்படா. குறைவாக எரிப்பதே அதற்குச் சலுகையாகிவிடும். எங்கள் ஆசிரியரின் பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேண்டும் என்பது உண்மை. அக்கூரை முதலில் நேரத்துக்கு வரும் பேருந்தின் கூரையாக இருக்கட்டும். 2021இல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் முதன்முறையாகத் தம் விருப்பப்படி வெளியே சென்றார்கள் என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞரின் அச்சத்தையும் நான் மறக்கவில்லை. திருப்பெரும்புதூரையும் ஒரகடத்தையும் நம்பி விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் குடும்பங்கள் பல வாழ்கின்றன. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோரின் வாழ்வு கலங்கியது. அது எரிபொருள் விதியால் நேர்ந்ததன்று. வாணிபக் கணக்கு மாறும்போது தொழிலாளியிடம் எவரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. விதியை உயர்த்துபவர்களோ கேட்கலாம்; கேட்கவேண்டும். முன்னறிவிப்போடு வரும் விதி, புதிய தொழிலைக் கற்றுத்தரும் பொறுப்பையும் உடன் கொண்டுவர வேண்டும். பொதுநன்மையின் விலையைக் கூலிக்காரர் மட்டும் செலுத்துவது முறையன்று.

என் கணக்கு

பிறர் கணக்கைப் பேசிவிட்டு என் கணக்கை மறைப்பது சரியாகாது. எங்கள் பங்கைச் சேர்ந்து வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவர், பங்குத்தந்தையின் பழைய சிறிய காருக்குப் பதிலாக உயரமான பெரிய வண்டி ஒன்றை வாங்கித்தர முன்வந்தார். எனக்கு ஆசை இருந்தது; அதை மறைக்கமாட்டேன். ஃபெஞ்சல் வெள்ளத்தின்போது என் சிறிய கார் நீரில் நின்றுபோனதால், நோயாளி ஒருவரைக் காணப் போகமுடியாமல் தவித்ததும் உண்மை. "பணிக்காகத்தானே" என்னும் சொல் நாக்கின் நுனியிலேயே இருந்தது.

கார்ப் பயணங்களைக் குறித்துவைக்கும் ஏட்டை எடுத்து ஓராண்டின் கணக்கைப் பார்த்தேன். வெள்ளத்தில் சென்ற நாட்கள் இரண்டு. நான்கில் மூன்று பயணங்களில் காருக்குள் நான் ஒருவன்தான். அவற்றுள் பல, பேருந்து செல்லும் வழியிலேயே நடந்த கூட்டங்களுக்கானவை. இரண்டு நாள் வெள்ளத்துக்காக முந்நூற்று அறுபத்து மூன்று நாள் ஒரு டன் இரும்பைக் கூடுதலாக இழுத்துச் செல்ல எனக்கு எந்தப் பணி கட்டளையிட்டது? அன்பருக்கு நன்றி சொல்லி எழுதினேன். வெள்ளக் காலத்தில் ஊருக்கே உதவும் படகு ஒன்றை மீனவர் குடியிருப்புக்கு வாங்கித்தர இயலுமா என்று கேட்டிருக்கிறேன். பழைய கார் தொடர்கிறது. மாதக் கூட்டங்களுக்குப் பேருந்தில் செல்கிறேன். எல்லா மாதமும் அல்ல, பாதி மாதங்களில். மீதிப் பாதியில் சோம்பல் வெல்கிறது. இதைத் தியாகம் என்று நான் கூறவில்லை. கணக்கைத் திறந்து பார்த்தபோது நேர்ந்தது, அவ்வளவே.

அண்மையில் உறவினர் சிலருடன் ஆரோவில் சென்றிருந்தேன். 1968இல் அந்நகரம் தொடங்கியபோது மரமற்று மழைநீர் அரித்துச் சென்ற செம்மண் மேடு அது. வரப்புக் கட்டி நீரைத் தேக்கி, ஒரு தலைமுறை நட்ட மரங்களின் நிழலில் இன்று மறுதலைமுறை நடக்கிறது. பார்வையாளர் மையத்தில் கார்களை நிறுத்திவிட்டு, மாத்ரிமந்திரைக் காண ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்து செல்லவேண்டும். பெரிய காரில் வந்தவரும், சிறிய காரில் வந்தவரும், பேருந்தில் வந்திறங்கியவரும் அந்த மர நிழலில் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள். சற்று முன்பு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவரையொருவர் முந்தியவர்கள் அங்கே ஒருவருக்கொருவர் வழிவிடுகிறார்கள்.

திரும்பும் வழியில் மரக்காணத்தருகே சில பெண்கள் சாலையைக் கடக்கக் காத்திருந்தார்கள். காரை நிறுத்தினேன். பின்னால் வந்த வண்டி ஒலியெழுப்பியது. அவர்கள் கடந்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.